தறியின் மறுபக்கம்

செவ்வாய், இரவு.

எட்டாவதோடு நின்றாலும் கணக்கில் நான் புலி, தெருவே ஒத்துக்கொள்ளும். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகள் கௌரி, மாலையில் தறியருகே உட்கார்ந்து கேட்டாள்.

“எக்ஸும் ஒய்யும் சேர்ந்தா பத்து. எக்ஸ் எவ்ளோன்னு சொல்ல இது போதுமா மாமா?”

“போதாது.”

“எக்ஸ்ல ஒய்யைக் கழிச்சா ரெண்டு. இதையும் சேர்த்துக்கினா?”

“போதும்.”

“கலக்குறே மாமா.”

மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் நான் வாயே திறக்கவில்லை. குரல் தறியின் மறுபக்கத்திலிருந்து வந்தது. சேலைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள அவள் அப்பா உட்கார்ந்த இடம் அது. அவர் இறந்த பிறகு அங்கே யாரும் உட்காருவதில்லை.

“ராப்பகலா படிச்சிக்கினு இருக்கேன். நீயும் கூட இருக்குறே. எனக்கு சீட் கிடைக்கும்னு சொல்ல இது போதுமா?”

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் “போதாது” என்றது அந்தக் குரல்.

அவள் முகம் சுண்டிவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளித்தேன். நாளை தேர்வு. தறிப் பக்கத்து விளக்கை அணைக்க நான் இன்னும் போகவில்லை.