அரைச்சுற்றுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே

அனுப்புநர்:
சலவைப் பிரிவு அணியின் நான்காம் பேட்டர்,
மருத்துவமனைச் சலவைக்கூடம், கீழ்த்தளம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பணியாளர் சாஃப்ட்பால் போட்டிக் குழு,
நிர்வாக அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: இறுதி ஆட்டத்தில் நான் அவுட் ஆனதற்கு என் அண்ணியைக் காரணமாக்கும் நடுவர் அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஞாயிறன்று சமையற்கூட அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் அவர்கள் ஏழு, நாங்கள் ஆறு. எங்களில் ஒருவர் அவுட். முதல் பேஸில் என் அண்ணன் மனைவி நின்றார். நான் அடித்த பந்து வேலியைத் தாண்டி வெளியே விழுந்தது. நாற்பத்திரண்டு வயதில் இது எனக்கு முதல் முறை. பந்து வேலியைத் தாண்டி விழுந்தது என்பதை மீண்டும் ஒருமுறை பணிவுடன் பதிவு செய்கிறேன்.

2. நாங்கள் இருவரும் முறைப்படி எல்லா பேஸ்களையும் மிதித்து ஓடி, பந்தை அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தால் எட்டுக்கு ஏழு என்று வென்றிருப்போம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

3. பந்து வானத்தில் இருந்தபோது, வேலியோரம் நின்ற சமையற்கூட அணியின் ரொட்டி சுடுபவர் அதைப் பிடித்துவிடுவார் போலத் தெரிந்தது. பிடித்தால் அண்ணி முதல் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே பாதி வழி போயிருந்தவர் திரும்பி வந்தார். நானோ தலைகால் புரியாமல், முதல் பேஸை மிதித்துவிட்டு எதிரே ஓடிக்கொண்டிருந்தேன். நடுவழியில் இருவரும் எதிரெதிரே வந்த நொடியில் பந்து வேலியைத் தாண்டியது. (மூன்றாம் முறை எழுதியதற்கு மன்னிக்கவும்.)

4. இங்கே எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணியும் நானும் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, நடுவில் வந்து முனைகளைச் சேர்ப்போம். பிறகு ஒருவர் அடுக்கவும் மற்றவர் அடுத்ததை எடுக்கவும் வசதியாக, அரைச்சுற்று சுற்றி இடம் மாறிக்கொள்வோம். ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள். எதிரே அண்ணி வந்தால் என் கால் தானாகச் சுற்றும். அன்றும் கையைக் கோத்தோம், சிரித்தோம், சுற்றினோம். சுற்றி முடித்தபோது நான் முன்னால், அவர் பின்னால்.

5. முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் கடந்தால், கடந்தவர் அவுட். நடுவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் அவருடைய பார்வையைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. விதிப்புத்தகத்தை வாங்கி மூன்று முறை படித்தும் பார்த்துவிட்டேன், தீர்ப்பு சரி. அண்ணியின் ஓட்டம் மட்டும் கணக்கில் வந்து ஏழுக்கு ஏழு ஆனது, கூடுதல் இன்னிங்ஸில் தோற்றோம். கோப்பை சமையற்கூடத்திலேயே இருக்கட்டும். அதில் அவர்கள் கரண்டி போட்டு வைத்திருப்பதையும் நான் ஆட்சேபிக்கவில்லை.

6. என் குறை ஒரே ஒரு வாக்கியம்தான். "முன்னால் சென்றவர் காரணமின்றிப் பின்வாங்கியதால் பின்னால் வந்தவர் கடக்க நேர்ந்தது" என்று அறிக்கையில் எழுதி, அதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஐயா. அவர் பின்வாங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அணியில் விதி தெரிந்தவர் அவர் ஒருவரே.

7. அதைப் படித்ததிலிருந்து அண்ணி, "உனக்கு ஆயுசுல ஒரு தடவ வந்துச்சு, அதையும் நான் கெடுத்துட்டேனே" என்கிறார். நான் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அணிச் சட்டையைத் துவைத்து மேற்பார்வையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். உலர்த்தும் இயந்திரத்துப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறார். அண்ணன், "விளையாட்டுதானே, விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாகத் தனியாகச் சாப்பிடுகிறார். மாற்றல் கிடைத்துவிட்டால் எனக்கு எதிரே வேறு யாரோ நிற்பார். எனக்கு அது வேண்டாம்.

8. எனவே அந்த வாக்கியத்தை நீக்கி, "பேட்டர் எதிரே பார்க்காமல், சந்தோஷம் தாங்காமல் ஓடியதால் அவுட்" என்று எழுதி, மாற்றல் உத்தரவு வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஒட்டுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

9. அண்ணியும் தங்களுக்குத் தனியாக ஒரு மனு எழுதியிருப்பதாக அண்ணன் சொல்கிறார். தவறு முழுவதும் தன்னுடையது என்று அதில் எழுதியிருப்பார். அவருடைய கையெழுத்து மிக அழகாக இருக்கும், படிப்பவருக்கு நம்பத் தோன்றும். நம்ப வேண்டாம் ஐயா. முதலில் கையை நீட்டியவள் நான்.

நாள்: ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள், புதன்
இடம்: சலவைக்கூடம், மடிப்பு மேசை

தங்கள் திருத்தத்தை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
அவுட் ஆன பேட்டர்