சர்பத் போத்தலில் ஊறிய பேனாக்கள்

நோன்பு 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. முற்றம் கூட்டி முடிப்பதற்குள் கடற்கரை மணல் திரும்ப வீட்டுக்குள். ஆலங்குடாவில் கூட்டுவது வீண் வேலை, ஆனாலும் கூட்டாமல் இருக்க மனம் வராது. விடியுமுன் ஸஹர் சோற்றுக்கு வைத்த மீன் ஆணம் மிச்சம். பூனைக்கு யோகம்.

நோன்பு விடுமுறை. மகள் ஸஹ்ரா நாள் முழுக்க வீட்டில். ஏழு வயது, இந்த வருடம்தான் முதன்முதலாக முழு நோன்பு பிடிக்கிறாள். பசியை மறக்கப் படம் கீறுகிறாள். கலர் பேனா எல்லாம் காய்ந்துவிட்டதாம், ஒரே சிணுக்கம். அவள் வாப்பாவுக்கு இந்தக் கிழமை நுரைச்சோலை மின்நிலையத்தில் பின்னேர ஷிப்ட். நோன்பு திறப்பதும் அங்கேதான்.

அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். உள்ளே:
காய்ந்த கலர் பேனா, ஒரு கட்டு. பாதிக்கு மூடி இல்லை.
பெஸ்டல் மெழுகுத் துண்டுகள், நகம் அளவு.
மயிர் கொட்டிய பிரஷ்.
வாட்டர் கலர் டப்பா. கறுப்பும் மண்ணிறமும் மட்டும் மிச்சம்.

வீசத்தான் எடுத்தேன். தங்கச்சி போனில் அனுப்பிய வீடியோ ஞாபகம் வந்தது. பெஸ்டல் துண்டுகளின் கடதாசியை உரித்து, கேக் அச்சில் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்கு மேல் வைத்து உருக்கினோம். நிறம் பிரித்துப் போட எனக்குப் பொறுமை இல்லை. பெரும்பாலும் சேற்று நிறம்தான் வந்தது. மகளுக்கு அதுவே போதும். ஒரு கோட்டில் மூன்று நிறம் வருகிறது என்று துள்ளினாள். அச்சு இனிக் கேக்குக்கு ஆகாது. பெருநாளைக்கு வேறு பார்க்க வேண்டும்.

நோன்பு 9, புதன்

காற்று அப்படியே. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

சிவப்பு, ரோஸ் பேனாக்களை வெந்நீரில் ஊறவைத்தோம். அருமையான நிறம் இறங்கியது, பிரஷ்ஷால் தொட்டுக் கீறலாம். கிளாஸில் வைத்தால் பூனை தட்டிவிடும். வெறும் சர்பத் போத்தல் ஒன்று கிடந்தது. அதில் ஊற்றி, மூடியை இறுக்கி, வெக்கைக்கு நாறிவிடும் என்று ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். போத்தலில் பேர் எழுதி ஒட்டுவோமா என்று மகள் கேட்டாள். பிறகு பார்ப்போம் என்றேன்.

பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கம். இரத்தம் இல்லாவிட்டாலும் எனக்கு மூத்த சகோதரி மாதிரி. தெருப் பிள்ளைகளுக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதிக் கொடுப்பதும் அவதான். அவ மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டார் நாளை முதல்முறை நோன்பு திறக்க வருகிறார்களாம், புத்தளம் டவுனிலிருந்து. அவவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சர்பத்தை என்னிடம் விடுங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். என் ரோஸ் சர்பத்துக்கு இந்தத் தெருவில் ஒரு பேர் உண்டு. எழுதிக்கொள்வதில் என்ன.

பின்னேரமே காய்ச்சி, ஆற்றி, இன்னொரு சர்பத் போத்தலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று.

நோன்பு 10, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ரோல்ஸ் பொரித்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டேன். பாங்கு சொல்லப் போகிற நேரத்தில்தான் சர்பத் ஞாபகம். ஓடிப் போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து போத்தலை இழுத்து மகள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, உம்மா இது, என்று தொடங்கினாள். கதைக்காமல் ஓடு என்று விரட்டினேன். ஓடினாள்.

பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே பக்கத்து வீட்டில் சத்தம்.

முதல் கிளாஸ் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு. நோன்பு வாய், ஒரே இழுப்பாகக் குடித்திருக்கிறா. கசந்து துப்பியதில் வெள்ளைத் துப்பட்டி முழுக்க ரோஸ். நாக்கும் பல்லும் சிவப்பு. கூட வந்த பெண்கள் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் நின்றார்களாம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தா போத்தலோடு வாசலுக்கு வந்தா. பின்னால் அந்தப் பெண்கள். அவ கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இது என்ன புள்ள?"

நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கிறேன். "ஸஹ்ராட வேல ராத்தா. கலர்த் தண்ணிய போத்தல்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கா. எனக்குத் தெரியாது."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அதுதான் இன்னும் கேவலம். ராத்தா மகளைப் பார்த்தா. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓம் என்று தலையாட்டினாள்.

நல்ல சர்பத் இன்னும் ஃபிரிட்ஜில்.

மகள் கஞ்சி குடிக்கவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது பாயோரம் நின்றாள்.

"உம்மா, பொய்க்குத் தலையாட்டினா நோம்பு முறியுமா?"

நோன்பு திறந்த பிறகுதானே ஆட்டினாய், முறியாது என்றேன். சட்டம் சொன்னேன். வெட்கம் கெட்டவள் நான்.

நோன்பு 11, வெள்ளி

வெயில். மிளகாய் காயப் போட்டேன். ரோல்ஸ் மிச்சம், யாருக்கும் வேண்டாம்.

அவள் வாப்பாவுக்கும் அதே கதையைத்தான் சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு இரண்டாவது முறை வழுக்கிக்கொண்டு வருகிறது. அவர் மகளை ஏசிவிட்டு, டின்னைத் தூக்கிக் குப்பை வாளியில் கொட்டினார். உருக்கிய பெஸ்டலும் போயிற்று. அதை எடுத்துக் கொடுத்ததும் மகள்தான்.

அஸருக்குப் பிறகு ஓதப் போனாள். எப்போதும் ராத்தாவின் மடியோரம் இருப்பவளை இன்று கடைசியில் இருத்தினார்களாம். கலர்த்தண்ணி என்று பிள்ளைகள் பேர் வைத்தாயிற்று. ஜெஸீமா மாமி ஏசினாவா என்று கேட்டேன். இல்லை, கதைக்கவே இல்லை என்றாள். என் அடியை அந்தப் பிள்ளை வாங்குகிறது.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே.

நோன்பு 12, சனி

காலையில் போகவில்லை. லுஹருக்குப் பிறகும் போகவில்லை. துணி துவைத்தேன், துவைத்ததையே திரும்பத் துவைத்தேன். அஸருக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். ஓத வந்த பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். நல்லது, அவர்களும் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

சொன்னேன். ஊற்றியது நான், மூடியது நான், ஃபிரிட்ஜில் வைத்தது நான், பிள்ளை சொல்ல வந்ததைக் கேட்காமல் அனுப்பியதும் நான்.

ராத்தா என் தோளில் கை வைத்தா.

"புள்ளட குத்தத்த நீ சுமக்க வந்திருக்காய். உம்மாமார் அப்படித்தான்."

இல்லை ராத்தா என்று திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவ சிரித்துவிட்டு மகளிடம் குனிந்து, யார் வைத்தது, பயப்படாமல் சொல்லு என்று கேட்டா.

மகள் என் உடுப்பைப் பிடித்தபடி, "நான்தான் மாமி" என்றாள்.

ராத்தா அவளைக் கட்டிக்கொண்டா. உண்மை சொன்ன பிள்ளை என்று எல்லாருக்கும் காட்டினா. பழைய இடத்திலேயே, மடியோரம் இருத்தினா. எனக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் தந்தா, நோன்பு திறக்க. வாங்கினேன்.

ஓதல் முடிந்து கூட்டிக்கொண்டு வரும்போது கேட்டேன், ஏன் மகள் அப்படிச் சொன்னாய் என்று.

"அண்டைக்கு நான் ஓம் எண்டதும்தான் உங்கட பயம் போச்சு உம்மா. இண்டைக்கும் உங்கட கை நடுங்கிச்சு. அதான் சொன்னன்."