நலம் என்று எழுதாதே

அன்பு நண்பன் கொத்தனாருக்கு,

பிளம்பர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறான் என்று நினைக்காதே. நானேதான். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வந்து சேர மணி பத்தாகிவிட்டது. மை கொட்டின இடத்தை மன்னித்துக்கொள். நீ பூசின சுவரில் இதைவிடப் பெரிய திட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தின் தலையில் எல்லோரும் எழுதுகிற அந்த ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா, மொதல்ல நலம்னு போடணும், அப்புறம் அவங்க நலமான்னு கேக்கணும், அதுதான் முறை" என்றாள். "அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஆகாதும்மா, உனக்கே தெரியும்" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். ஏன் என்று கீழே வரும்.

எழுத்து எப்படி வந்தது என்று கேட்பாய். பைப்பு மாட்டுகிறவனுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. 'ட' ஒரு எல்போ வளைவு. 'ப' இரண்டு எல்போவை ஒட்டிப் போட்டது. 'ழ' மட்டும் மூன்று நாள் என்னைப் படுத்தியது. அதன் வால் கீழே ஒழுகிக்கொண்டே இருந்தது, என்ன செய்தும் அடைக்க முடியவில்லை. இப்போது தெருவில் நடந்தால் ஒரு பலகை விடாமல் படிக்கிறேன். மருந்துக் கடை, முடிவெட்டும் கடை, "இங்கே வண்டி நிறுத்தாதே" எல்லாம். நாற்பது வருஷம் அந்தப் பலகைக்குக் கீழேதான் என் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன்!

வேலை இடத்தில் சாப்பிட்டு முடித்ததும் நீ சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாயே, அதை நினைத்துக்கொள்வேன். இப்போது நானே படித்துப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது. நீ வாசித்த அளவுக்குச் சுவையாக ஒரு நாளும் பேப்பரில் எதுவும் இல்லை. பாதியை நீயே கட்டியிருக்கிறாய். ஒத்துக்கொள்.

விரல் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

மறுநாள்.

சனிக்கிழமை உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போன் செய்தாள். நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாயாம். "அண்ணே, ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசமாச்சு. மனுஷன் வாசப்படி தாண்ட மாட்டேங்கிறார். ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டா போதுங்கிறார், தண்ணியக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிறார். முந்தாநேத்து கை கழுவப் போன எடத்துல தலை சுத்தி சுவரப் பிடிச்சிக்கிட்டார். என்னன்னு கேட்டா நல்லாத்தான் இருக்கேன்ங்கிறார்" என்றாள். டாக்டர் வரச் சொன்ன நாள் போய் மூன்று வாரம் ஆயிற்றாம். மறுபடி வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாள், அதற்கும் வர மாட்டேன் என்கிறாயாம்.

பஸ்ஸில் நடந்ததையும் சொன்னாள். அவள் மேல் கோபப்படாதே. என்னிடம் சொல்லவில்லை, என் மருமகளிடம்தான் அழுதுகொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தப்புதான். ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இனி நான் எழுதப் போவது போனில் சொல்ல முடியாதது. உங்கள் வீட்டில் போனைத் தூக்கினால் நாலு பேர் காது வைக்கிறார்கள். கடிதத்தை நீ ஒருத்தன் படிக்கலாம், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

எடை குறைக்கிற அதே ஆபரேஷன் எனக்கு ஆகிப் பதினாலு மாசம். முன்னாடி டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். பழைய வயிற்றை அப்படியே விட்டுவிட்டு, மேலே விரல் அளவுக்கு ஒரு சின்னப் பை. குடலைக் கீழே வெட்டி மேலே கொண்டுவந்து அந்தப் பையில் ஒட்டி, பழைய லைனை இன்னும் கீழே, மூன்று வழிக் குழாய்க்குப் போடுகிற மாதிரி, ஒரு டீ போட்டுச் சேர்ப்பது. "புரியுதா?" என்றார். "ஐயா, இதைத்தான் நான் நாப்பது வருஷமா செஞ்சிட்டு வர்றேன், தண்ணி ஓடுற வாட்டம் மட்டும் சரியா குடுங்க" என்றேன். மனுஷன் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எல்லா லைனையும் கேட்டேன். கடைசியில் வெளியே போகிற லைன் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. ஊரில் அத்தனை பேர் வீட்டு அடைப்பையும் எடுத்தவன், வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் அடைப்பு, அடைப்பு என்று கூப்பிட்டவன், தன்னுடையதைக் கேட்க வெட்கப்பட்டேன்.

முதல் ஐந்து நாள் ஒன்றும் இல்லை. பேருக்கு ஏற்ற மாதிரி கெட்டியான அடைப்பு. ஆறாம் நாள் திறந்தது பார், மூட வால்வு இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. தண்ணீர் மாதிரி. காற்று வேறு. நாற்றம் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கும் அதே லைன்தான். மருமகள் அதைக் காட்டிக்கொள்ளவே மாட்டாள். "கொஞ்சம் வெயில் வரட்டும் மாமா" என்று ஜன்னலைத் திறப்பாள். கொட்டுகிற மழையிலும் வெயில் வரட்டும் என்று திறப்பாள்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் மோஷன் எத்தனை முறை, எப்படிப் போகிறது, அன்று என்ன சாப்பிட்டது, எல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்தார். எண் எனக்குத் தெரியும். எப்படிப் போயிற்று என்பதற்கு எண் இல்லையே. எனவே கக்கூஸ் கதவுக்கு உள்ளே இருந்து நான் சொல்வேன், மருமகள் வெளியே நின்று எழுதுவாள். மகன் விடியும் முன் வேலைக்குப் போகிறவன், வேறு ஆள் கிடையாது. "இன்னைக்கு நாலாவது தடவைம்மா, வெறும் தண்ணி" என்பேன். "எழுதிட்டேன் மாமா" என்பாள். நாற்பது நாள் இப்படி.

நாற்பதாம் நாள் நர்ஸம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அடடா, உங்கள மாதிரி ஒருத்தரும் இல்லப்பா, எல்லா நாளும் நலமா இருந்திருக்கீங்களே" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் வீட்டுப் படிக்கட்டில் கண் இருட்டி விழுந்தேன். உடம்பில் நீரே இல்லை என்று மூன்று நாள் பாட்டில் ஏற்றினார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது. நாற்பது பக்கத்திலும் ஒரே வார்த்தை. நலம், நலம், நலம். மாமனாரின் அந்த விஷயத்தைக் கையால் எழுத அவளுக்குக் கூச்சம். அழுதுவிட்டாள். "நோட்ட அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன் மாமா" என்றாள். நான் அவளை என்ன சொல்ல? கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு அவளை எழுத வைத்ததே நான்தான்.

பாட்டில் ஏறிக்கொண்டிருந்தபோதே முடிவு செய்தேன். இனி என் வயிற்றை நானே எழுதிக்கொள்கிறேன். மருமகள்தான் வாத்தியார். ஒரு நிபந்தனை போட்டாள். "எழுத்து நான் சொல்லித் தர்றேன் மாமா. அத வெச்சு நீங்க என்ன எழுதுறீங்கன்னு மட்டும் பாக்க மாட்டேன்."

ஏழு வாரம் கழித்து, என் வாழ்க்கையில் நானே எழுதின முதல் வரி இது. "இன்று நான்கு முறை. தண்ணீர் போல." எழுதிவிட்டுக் கக்கூஸ் வாசலிலேயே நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது!

இன்று இத்தனை போதும்.

மூன்றாம் நாள்.

இன்று காலை எழுதத் தொடங்கும் முன் நெடுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுத வேண்டும்.

ஐந்தாவது வாரம். மகன் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், பழைய வாடிக்கைக்காரர் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று போனேன். ஏழாவது மாடி. வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா ஒரு பெரிய கிளாஸ் நிறையப் பழச்சாறு கொடுத்தார், நல்ல சர்க்கரை போட்டு. ஒரே மூச்சில் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபட என்று அடித்தது, வேர்த்துக் கொட்டியது, வயிறு உருண்டது. அந்த வீட்டில் மூன்று கக்கூஸ். மூன்றும் நான் மாட்டினவை. ஒன்றைக் கேட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு லிஃப்டில் ஏறினேன். நாலாவது மாடியில் ஒரு அம்மா பூந்தொட்டியோடு ஏறினார். அங்கிருந்து தரைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அந்த அம்மா கதவு திறக்கும்வரை பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. நான் பஸ் ஏறாமல், சந்து சந்தாக, மூன்று கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஆக, நீ பஸ், நான் லிஃப்ட். அந்த டக்ட்டில் நான் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? நூற்றுப் பதினெட்டு கிலோவோடு, பைப்பு போகிற இடுக்கில் தொப்பை சிக்கி, மேலும் போகாமல் கீழும் போகாமல். நீ நேற்றுப் பூசி முடித்த சுவரை நீயே உடைத்து என்னை இழுத்துப் போட்டாய். "யோவ் அடைப்பு, உன்ன எடுக்க நான் வர வேண்டியிருக்கு பாரு" என்றாய். மேஸ்திரியிடம் சுவர் விரிசல் விட்டது என்று பொய் சொன்னாய். இன்றுவரை ஒருத்தனிடமும் நீ அதைச் சொல்லிச் சிரித்ததில்லை. இந்த லிஃப்ட் கதையும் உன்னோடு இருக்கட்டும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நீ ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் செய்தாய். முப்பத்தெட்டு கிலோ போச்சு, முட்டி வலி போச்சு, சர்க்கரை மாத்திரை போச்சு, இப்போ அந்த டக்ட்டுல ஓடிப் போய் ஓடி வருவேன் என்று அளந்தேன். அத்தனையும் உண்மை. நீ கடைசியாக ஒன்று கேட்டாய். "வயிறெல்லாம் எப்படிடா?" நான் என்ன சொன்னேன்? நல்லாருக்கு என்றேன். நோட்டு முழுக்க எழுதி வைத்தவன், உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. என் மருமகள் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். அவளாவது கூச்சத்தில் செய்தாள். நான் பெருமையில் செய்தேன். நீ அந்த வார்த்தையை நம்பித்தான் போய்ப் படுத்தாய்.

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். என் நோட்டைப் படித்ததும் நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இதுதாம்ப்பா எனக்கு வேணும்" என்றார். எனக்குப் பாலும் சர்க்கரையும்தான் எதிரி என்று பக்கம் பக்கமாகத் தெரிந்தது. பாலை நிறுத்தினார், பழச்சாற்றைக் கண்ணால் பார்க்காதே என்றார். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி விட்டு வாய் வாயாக, ஆனால் நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். நீ செய்வதுபோல் தண்ணீரை நிறுத்தினால் லைன் காய்ந்துதான் போகும், ஓட்டம் நிற்காது. இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனது, நான் பயந்தே போனேன். அது மாத்திரையின் நிறம் என்றார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு போய், தலையும் சுற்றினால் மட்டும் அந்த நிமிஷமே ஓடி வா என்றார். உனக்குத்தான் தலை சுற்றுகிறதே, உன்னுடையது எப்படி என்று யாருக்குத் தெரியும்? சிலருக்கு இறுகிப் போய் வருமாம், சிலருக்கு என்னைப் போல. உன் லைன் எது என்று பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள்.

இப்போது எனக்குக் காலையில் இரண்டு முறை, அவ்வளவுதான். மீதி நாள் முழுக்க நான் ராஜா. பேப்பரோடு உள்ளே போகிறேன். வேலை முடிந்தாலும் செய்தி முடிவதில்லை. மகன் லீவு நாளில் கதவைத் தட்டி, "அப்பா, உள்ள வேல நடக்குதா, படிப்பு நடக்குதா?" என்கிறான். படிப்பு என்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு வருகிற சிரிப்பு இருக்கிறதே, கொத்தனாரே, அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

இந்தக் கடிதத்தோடு என் நோட்டைக் கட்டி அனுப்புகிறேன். முதல் நாற்பது பக்கம் மருமகளுடையது, அதைத் தள்ளிவிடு. மீதி நான் எழுதினது. என்னிடம் இருப்பதிலேயே நல்ல பொருள் இதுதான். கடைசியில் பதினொரு பக்கம் காலியாக இருக்கிறது. கையில் கிடைத்த நாளிலிருந்து அதில் நீ எழுது. வெள்ளிக்கிழமை எடுத்துப் போய் மேசைமேல் வை. வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், நோட்டு பேசிக்கொள்ளும். வழிக்குப் பயமாக இருந்தால் ஆட்டோ வைத்துக்கொள், மாற்றுத்துணி ஒன்று பையில் போட்டுக்கொள். நான் இன்னும் போடுகிறேன். பதினாலு மாசத்தில் இரண்டு முறைதான் தேவைப்பட்டது.

காட்டி முடித்ததும் நோட்டை எனக்குத் திருப்பி அனுப்பு. இத்தனை வருஷம் நீ வாசிக்க நான் கேட்டேன். நீ எழுதினதை நானாகப் படித்ததே இல்லை. எனக்கு அது வேண்டும். இரண்டு வரியானாலும் போதும். எத்தனை முறை, எப்படி, தலை சுற்றிற்றா, என்ன சாப்பிட்டாய். கூட்டிச் சேர்த்துக் கட்டாமல், உள்ளதை எழுது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். வெள்ளிக்கிழமை அவளோடு போ. இந்த முறை சுவரை உடைத்துக்கொண்டு நான் வர வேண்டியிருக்கிறது பார்.

நலம் என்று மட்டும் எழுதிவிடாதே. எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அடைப்பு