குழாய்க்குள் மூன்று கேலன்

மார்ச் 5, 1957

வெர்னாவின் ஜாம் தெர்மாமீட்டரை எடுத்து வந்து டயரில் குத்திப் பார்த்தேன். வெளி ஓரம் கொதிக்கிறது. உள் ஓரத்தில் கை வைக்கலாம். அப்படியென்றால் டயர் சாய்ந்து ஓடுகிறது, பாதி ரப்பர் சும்மா சுற்றுகிறது. இத்தனை பட்டறைகள் இருக்கின்றன இந்த வட கரோலினாவில், ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. சக்கரத்தை ஒரு நூல் சாய்த்துக் கொடுத்தேன். ராய்ஸ் அடுத்த சுற்றிலேயே அரை நொடி குறைத்துவிட்டான்.

ராய்ஸ் வெர்னாவின் தம்பி. என் பந்தயக் காரை ஓட்டுகிறவன். அவன் தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயது, வெர்னாவுக்குப் பதினாலு. தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டாள்: "இதை இனிமே வாய்க்குப் போற பண்டத்துல வைக்க முடியுமா?"

"உன் ஜாமை முன்னாடியும் வாயில வைக்க முடியாதே" என்றேன்.

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். என் வேடிக்கை அவளுக்கு மட்டும் பிடிபடவே இல்லை.

மார்ச் 19

கார்ப் பந்தயச் சங்கத்தாரைப் பார்க்க ஹோட்டலுக்குப் போனேன். தலைமைப் பரிசோதகர் ஆஸ்போர்ன் நடுவில், இரண்டு பக்கமும் தொப்பைகள். நான் செய்த ரப்பர்ப் பையை மேஜைமேல் வைத்தேன். பெட்ரோல் டாங்குக்குள் போடுகிற பை. தகரம் கிழிந்தாலும் பை கிழியாது. போர்க்காலத்தில் இத்தாலியில் குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றுக்குக் கீழே இரண்டு வருஷம் மல்லாந்து கிடந்தவன் நான். எரிந்து இறங்கிய விமானத்திலிருந்து ஆட்களை எடுத்திருக்கிறேன். எடுத்தேன் என்று சொல்ல முடியாது, வழித்தேன்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், பையில் தண்ணீரை நிரப்பி மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகப் போட்டேன். ஆஸ்போர்னின் காருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. துள்ளியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆஸ்போர்ன் கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடை கூடும், லெம். அதோட இதைக் கட்டாயம்னு ஆக்கினா, கார்ல தீப்பிடிக்குமோன்னு சனங்க யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

"பிடிக்கும்னு தெரிஞ்சுதானே சார் டிக்கெட் வாங்குறாங்க."

கூட்டம் முடிந்தது. வேண்டுமென்றால் என் காரில் மட்டும் போட்டுக்கொள்ளலாமாம். பெரிய மனது.

ஏப்ரல் 2

பையைப் போட்டாயிற்று. ரப்பரின் கனம் டாங்கில் ஒன்றரை கேலன் இடத்தைத் தின்கிறது. மற்றவர்களுக்கு முழு டாங்க், எனக்குக் குறை டாங்க். நல்லது செய்தவனுக்குத் தண்டனையா?

காலையில் காருக்குள் உட்கார்ந்து மேலே பார்த்தேன். ஓட்டுகிறவனைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு. கார் உருண்டால் தலை நசுங்காமல் காக்க. சட்டப்படி இருக்க வேண்டியது. உள்ளே வெறும் காற்று.

அளந்தேன். மூன்று கேலன் பிடிக்கும்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி, கூண்டிலிருந்து டாங்குக்கு விரல் தடிமனில் ஒரு செம்புக் குழாய். மேலே இருப்பது தானாகக் கீழே இறங்கும். கடைசி முறை பெட்ரோல் போட மற்றவர்கள் நிற்கும்போது ராய்ஸ் நிற்க வேண்டாம். ஆஸ்போர்ன் டாங்கை அவிழ்த்து அளந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும். மூளைக்குப் பரிசு கொடுக்கிற ஊராக இருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

இத்தாலியில் பார்த்தது மறந்துபோச்சா?

மறக்கவில்லை. வெல்டிங்கை மூன்று தடவை ஓட்டினேன். என் வெல்டிங் விட்டதாக யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 3

ராய்ஸிடம் சொல்லவில்லை. ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் அம்மா சமாதியைக்கூடக் காட்டிக் கொடுப்பான்.

ஏப்ரல் 14

ஜெயித்தோம். கடைசியில் எல்லோரும் பெட்ரோல் போட உள்ளே ஒதுங்கினார்கள், ராய்ஸ் ஒதுங்கவில்லை. இறங்கி வந்து என் தோளில் கை போட்டான். "மச்சான், அந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கவே மாட்டேங்குது. என்ன பண்ணே?"

"நீ ஒழுங்கா ஓட்டினே. தப்பித் தவறி."

ஆஸ்போர்ன் டாங்கை இறக்கி, ஊற்றி, அளந்தார். மறுபடி அளந்தார். ஒரு கையைக் கூண்டுக் குழாயில் ஊன்றிக்கொண்டு குனிந்து தரையெல்லாம் தேடினார். உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. சிரிப்பை அடக்க நான் வெளியே போய் நின்றேன்.

வெர்னா தம்பிக்காகப் பீச் பழம் வைத்து அப்பம் சுட்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

மே 12

ராய்ஸ் எரிந்துவிட்டான்.

மே 13

உயிர் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் சுற்று. அப்போதுதான் டாங்கையும் கூண்டையும் நிரப்பி அனுப்பியிருந்தேன். முன்னால் போன கார் குறுக்கே திரும்பியது. ராய்ஸ் அதன்மேல் ஏறி இரண்டு தடவை உருண்டான். சக்கரங்களில் வந்து நின்றது. நின்ற பிறகு நல்லவேளை என்று நினைத்தேன் — நிஜமாக நினைத்தேன். அப்புறம்தான் கூரைக்குக் கீழே வெளிச்சம்.

முதலில் ஓடியவன் நான். ஜன்னல் வழியாக இழுத்தோம். ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்றான். விடமாட்டேன் இல்லை. விட முடியவில்லை. கையுறை சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. கையுறை மட்டும் இல்லை.

இரண்டு கைகள். முகத்தில் இடது பாதி. காது.

வெல்டிங் விடவில்லை. அதற்குப் பக்கத்தில் குழாயே பிளந்திருக்கிறது. இதை எழுதும்போது ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியை என்ன செய்ய?

மே 15

ஆஸ்போர்ன் பட்டறைக்கு வந்து காரைப் பார்த்தார். பின்பக்கம் நசுங்கி, டாங்கின் தகரம் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே பை அப்படியே இருந்தது. பதினாறு கேலன் சிந்தாமல். கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். "அடேயப்பா" என்றார் மெதுவாக.

"அப்ப எரிஞ்சது என்ன?" என்று கேட்டார்.

"கார்பரேட்டருக்குப் போற குழாய் அறுந்திருக்கணும்" என்றேன்.

அதிலிருந்து என்ன சிந்தியிருக்கும், ஒரு டம்ளர். என் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். கூண்டை அவர் பார்க்கவில்லை. காலையிலேயே அதை அறுத்துக் கழித்த இரும்போடு போட்டிருந்தேன். ஆளை வெளியே எடுக்க அறுத்தோம் என்று சொல்ல பதில் வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெர்னா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் பை மட்டும் இல்லேன்னா செத்தே போயிருப்பான்னு ஆஸ்போர்ன் சொன்னாரு. உன்ன எத்தனையோ திட்டியிருக்கேன், லெம். மன்னிச்சுக்க."

பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று சொன்னேன் நான்.

ஜூன் 9

ராய்ஸ் பேசுகிறான். வலது கையில் கட்டை விரலின் அடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இடது கையில் ஒன்றுமில்லை. வெர்னா சூப் வாங்கப் போன நேரத்தில் கேட்டான்.

"மச்சான், டாங்க் எங்க இருக்கு?"

"பின்னாடி."

"பின்னாடி இருக்கறது என் தலைமேல எப்படி ஊத்துச்சு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மேலேர்ந்து ஊத்துச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு மொதல்ல. நல்லாக்கூட இருந்துச்சு. எத்தன?"

"மூணு கேலன்."

"எங்க?"

"கூண்டுல."

கூரையைப் பார்த்துக் கேட்டான்: "சொன்னா ஓட்டமாட்டேன்னு நெனச்சியா?"

"இல்ல. நீ ஊரெல்லாம் சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது. "ஓட்டியிருப்பேன்டா. கேட்டிருந்தா ஓட்டியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை கேக்க ஒனக்கு வாய் வரல."

வெர்னா சூப்போடு வந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டாள். மச்சான் ஜோக் சொன்னாரு என்றான்.

ஜூலை 16

அடுத்த வருஷம் முதல் எல்லாக் காரிலும் ரப்பர்ப் பை கட்டாயம். கடிதம் வந்தது. ஆகஸ்டு இருபத்து நாலு எனக்கு விருந்து, விருது. ராய்ஸிடம் படித்துக் காட்டினேன்.

"அங்க எழுந்து நின்னு நீயே சொல்லு" என்றான். "நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா அது கோள். நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்டா."

ஆகஸ்ட் 24

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25

காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஆறு வரி. ஆஸ்போர்ன் பேசினார். போரில் கற்றதை அமைதிக்குக் கொண்டுவந்தவன் என்றார். சொந்த மச்சானின் உயிரைத் தன் கையால் காத்தவன் என்றார். ராய்ஸை எழுந்து நிற்கச் சொன்னார். வெர்னா அவன் முழங்கையைத் தாங்கி எழுப்பினாள். கூட்டம் முழுக்க எழுந்து கை தட்டியது. அவனால் பதிலுக்குக் கை தட்ட முடியாது. கட்டுப் போட்ட இரண்டையும் லேசாகத் தூக்கிக் காட்டினான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மேடையேறி நன்றி என்றேன். இறங்கினேன்.

சொன்னால் பையையும் வேண்டாம் என்று தூக்கிவிடுவார்கள், நாளைக்கு இன்னொருவன் எரிவான் — இப்படி நினைத்ததாக எழுத உட்கார்ந்தேன். பொய். தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு, அதில் என் முழுப் பெயர். லெமுவேல் ஆஸ்பரி ஸ்ட்ரௌட். அது பார்க்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26

ராய்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டான்.

வெர்னா பட்டறைக்கு வந்தாள். பெஞ்சில் கிடந்த வெட்டுக் குழாய் ஒன்றை எடுத்து, கண்ணில் வைத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா?"

"ஆமா."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்கிட்ட மன்னிப்பு கேட்டேனே. கேட்டுக்கிட்டு நின்னியே. எப்படிய்யா நின்னே?"

குழாயை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனாள். மதியத்துக்குள் தையல் மிஷின், இரண்டு பெட்டி, தம்பி வீட்டுக்குப் போய்விட்டன. என் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அது எதற்கு? அதைச் செய்யாமல் போயிருக்கலாம்.

செப்டம்பர் 17

ராய்ஸ் ஆள் விட்டான், வரச் சொல்லி. போனேன். வெர்னா கதவைத் திறந்தாள், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேஜையில் கிண்ணத்தில் சோப்பு, பிரஷ், சவரக் கத்தி.

"சிரைச்சு விடு" என்றான்.

"வெர்னா—"

"அக்கா இல்ல. நீ. தினம் ஏழு மணிக்கு. எனக்கு மயிர் மொளைக்கிறது ஒரு பக்கம்தான், சீக்கிரம் முடிஞ்சுரும். உன் பொழப்பு கெடாது."

தாடைக்குக் கீழே கத்தியை வைத்தபோது அவன் தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையைக் காட்டினான். கண்ணை மூடவில்லை.

அக்டோபர் 6

ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமையும் உண்டாம்.

நவம்பர் 12

மூன்று வாரம் உழைத்து ஒன்று செய்தேன். முன்கையில் மாட்டுகிற தோல் பட்டை, அதில் இரும்புத் தண்டு, முனையில் திரும்புகிற கத்திப் பிடி. முழங்கையை அசைத்தால் கத்தி கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும். என் கையில் கட்டி என் முகத்தில் சோதித்தேன், ஒரு கீறல் இல்லை. நான் செய்ததிலேயே அழகான சாமான் இதுதான்.

ராய்ஸ் கட்டிக்கொண்டு பார்த்தான். ஒரு இழுப்பு இழுத்தான். சுத்தமாக வந்தது. அவன் முகம் ஒரு கணம் — பழைய முகம்.

"நல்லா இருக்கு" என்றான். "அவுத்து விடு."

"ஏன்டா, இதை வச்சு நீயே—"

"அவுத்து விடு மச்சான். எனக்குத் தெரியும், உன்னால எதுக்கும் ஒரு சாமான் செஞ்சுற முடியும். செஞ்சு குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவே. அதுக்கா உன்னை வரச் சொன்னேன்? கத்திய எடு."

அவிழ்த்தேன்.

ஜனவரி 21, 1958

டெட்ராய்டில் ஒரு கார்க் கம்பெனியிலிருந்து கூப்பிடுகிறார்கள். தனிப் பட்டறை, நாலு என்ஜினியர், என் இஷ்டத்துக்குச் செய்யலாம். ஆறு வருஷம் முன்னால் வந்திருந்தால் நடந்தே போயிருப்பேன். வர இயலாது என்று எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை. காலையில் ஒரு வேலை இருக்கிறது என்று எழுதினால் புரியுமா அவர்களுக்கு?

ஏப்ரல் 1, 1958

நேற்று ஆஸ்போர்ன் தொலைபேசியில் கூப்பிட்டார். வர்ஜீனியாவில் ஞாயிறு நடந்த பந்தயத்தில் ஹாலிஸ் டன்லப் என்பவனின் கார் சுவரில் மோதி மூன்று தடவை உருண்டதாம். டாங்க் அப்பளமாக நொறுங்கியதாம். பை கிழியவில்லை. அவனே கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி நடந்து வந்து சிகரெட் கேட்டானாம். கேட்டவனை எல்லோரும் அடிக்கப் போனார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்று காலை சோப்பு போடும்போது ராய்ஸிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

ராய்ஸ் கேட்டான்: "கை?"

"இருக்கு."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

சிரைத்து முடித்தேன். நான் கத்தியைத் துடைத்து மடக்கினேன். அவன் நல்ல பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினான்.

"இங்க தாடையில கொஞ்சம் விட்டிருக்கே, பாரு" என்றான்.

பார்த்தேன். விட்டிருந்தேன். மறுபடி சோப்பைக் குழைத்தேன்.