லித்கா கல்லறையின் தேவதை

செப்டம்பர் 18, 1996
மாளிகைக் கூரைச் சிலைகளைப் பழுதுபார்க்க ப்ர்னோ நகரத்திலிருந்து வந்திருக்கும் சிற்பக்காரி ஹானா, இன்று கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். என் மகள் லித்காவின் தலைமாட்டில் நிற்கும் கல் தேவதையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். "அம்மா, இது மாளிகையோடது. பிரபு காலத்துல கூரை விளிம்புல வரிசையா நின்னுச்சு."

எனக்குத் தெரியாதா? கம்யூனிஸ்ட் காலத்தில் கூட்டுப் பண்ணைக்காரர்கள் அதையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, ஓவியக் கூடத்தில் கோதுமையைக் கொட்டியபோது நீ எங்கேடி இருந்தாய்? அந்த வருடம்தான் சின்னக் குழந்தையாக இருந்த லித்கா காய்ச்சலில் போனாள். என் வீட்டுக்காரர் அலோயிஸ், பள்ளத்தில் கிடந்த ஒன்றைக் கைவண்டியில் ஏற்றிவந்து நட்டார்.

செப்டம்பர் 19
அலோயிஸ் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகளோடு அதே குழியில் கிடக்கிறார். இருக்கும் தேவதையையும் பிடுங்கிக் கூரைக்கே கொண்டுபோகணுமாம்!

செப்டம்பர் 24
பக்கத்து வீட்டு போஷ்கா வந்தாள். "குடுத்துத் தொலையேன் ஆனெஷ்கா. அதென்ன அழகா? பூசணித் தலை, கொக்குக் கழுத்து."
"உன் பன்னிக்கொட்டில் வாசப்படி மாளிகைப் படிக்கட்டுதானே? மொதல்ல அதைக் குடு."
கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 3
மறுபடி ஹானா. அதே மாதிரி வார்த்து நகல் தருகிறார்களாம்.
"அந்த நகலையே கூரைல வையேன். அங்க ஏறி யார் பாக்கப்போறா?"
"கீழேயிருந்து பாக்குறவங்களுக்காகச் செஞ்சதும்மா இது. அதான் தலை பெருசு, கழுத்து நீளம். தரையில வச்சா கோணலாத்தான் தெரியும்."
வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. போடி என்று விரட்டினேன்.

அக்டோபர் 11
எடுத்துப் போய்விட்டார்கள். அரசு உத்தரவாம். கல்லறை மேல் உட்கார்ந்துகொண்டேன். பளுதூக்கி வண்டிக்காரன் ரொட்டி தின்றபடி காத்திருந்தான். குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நானாகவே எழுந்தேன் — சீ.

அக்டோபர் 26
திட்டுவதற்காகத்தான் மாளிகைக்குப் போனேன். முற்றத்தில் நின்று அண்ணாந்தேன். பூசணித் தலையைக் காணோம். குழந்தை முகம். இத்தனை வருடம் மண்ணை முறைத்த கண், என்னைப் பார்க்கிறது. அலோயிஸ், கோணல் பிசாசைக் கொண்டுவந்தாய் என்று உன்னை எத்தனை ஏசியிருப்பேன்! நீயும் இதைப் பார்க்கவில்லையே. அந்தச் சிற்பக்காரி சொன்னது சரியாகிவிட்டது — அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நவம்பர் 2
இறந்தவர்கள் நாள். நகல் இன்னும் வரவில்லை. வெறும் மேட்டில் இருவருக்கும் விளக்கு வைத்தேன். பிறகு இன்னொரு விளக்கை எடுத்துக்கொண்டு மாளிகைச் சுவரடிக்குப் போனேன். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை.
"இங்க நெருப்பு வைக்கக்கூடாதும்மா," காவலாளி ஓடிவந்தான். "யாருக்கு இது?"
மேலே காட்டினேன்.
அண்ணாந்து பார்த்தான். தன் மேல்கோட்டை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றான். "சீக்கிரம் பத்த வைங்க. யாராவது வந்துடப் போறாங்க."