மங்கலாகத் தெரிந்த கல்

அன்புள்ளவளே,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

"என்னங்க, மங்கலா தெரிஞ்சா சின்னதாத்தான் இருக்கணுமா?" என்று நான் வானத்தைப் பற்றிப் பாடம் நடத்தியபோது ஒருநாள் கேட்டாயே, ஞாபகமிருக்கிறதா? மகள் எதிரிலேயே சிரித்து உன் வாயை அடைத்தேன்.

இந்த வானாய்வுக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கப் பலகை எழுதுவதுதான் என் வேலை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு சிறுகோளை இங்கே கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. மங்கலாக இருந்ததால், "மிகச் சிறிய கல்" என்று எழுதிவிட்டேன்.

அதன் வெப்பத்தை அளந்து, அதிலிருந்து அதன் அளவைக் கணக்கிட்ட ஆய்வாளர் பெண் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சார், அது கரி மாதிரி கறுப்பு. வெளிச்சத்தை விழுங்கிடுது, அதான் மங்கல். நீங்க நினைச்சதைவிட மூணு மடங்கு பெரிசு. முதல்ல பலகையைக் கழட்டுங்க!"

கழற்றிவிட்டேன். உன்னிடம் சிரித்த சிரிப்பை எப்படிக் கழற்றுவது? அதன்பின் நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. அதன் பையில் ஒரு கேள்வி எழுதி வை.

தபால்காரர் காத்திருக்கிறார். இதை மகளுக்குப் படித்துக் காட்டு. பிறகு சாயங்காலம் வாசலில் பெரிய கரித்துண்டையும் சின்ன சாக்பீஸையும் வைத்து, இருவரும் தள்ளி நின்று, எது முதலில் கண்ணில் படுகிறது என்று பாருங்கள்.