பத்தாயிரத்தில் ஒருவர்

ஏங்க,

நாற்றுப்பறி முடிந்து நீங்கள் வரும்போது நான் பேராவூரணியில் தம்பி வீட்டில் இருப்பேன். சோறு மூடி வைத்திருக்கிறேன்.

நம் கல்யாணத்துக்கு முன் உங்களோடு பழகிய மலர்க்கொடி, பத்து வயதுப் பெண்ணைக் கூட்டிவந்து, "இவளுக்கு நீங்கதாங்க அப்பா" என்றபோதும் நான் உங்கள் பக்கம்தான் நின்றேன். தஞ்சாவூரில் ரத்த வகை பார்த்தோம். உங்களுக்கும் மலர்க்கொடிக்கும் ஓ, பிள்ளைக்கு பி.

"ஓவும் ஓவும் சேர்ந்தா பி வராதுங்க. இது உங்க குழந்தை இல்லை" என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பியது.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. "தப்பாப் போக வாய்ப்பே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள்.

"பத்தாயிரத்துல ஒருத்தருக்கு அபூர்வமான ரத்தம் இருக்கும். சோதனையில ஓ மாதிரிதான் தெரியும். அவங்களுக்கு பி பிள்ளை பிறக்கலாம்" என்றார்.

உங்கள் முகம் மலர்ந்தது. ஒன்பது வருடமாக நமக்குக் குழந்தை இல்லையே, அந்த ஏக்கம்தான் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் டிஎன்ஏ சோதனைக்குக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் பார்த்தது பிள்ளையை அல்ல, அவளை. என்னை ஒருநாளும் நீங்கள் அப்படிப் பார்த்ததில்லை.

இன்று முடிவு தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். நீங்கள் அப்பா இல்லை. அந்தத் தாள் இந்தக் கடிதத்துக்கு அடியில் இருக்கிறது.

படித்ததும் அழுவீர்கள். அழுது முடித்தபின் வந்து கூப்பிடுங்கள், வருகிறேன். அவளுக்காக நீங்கள் அழுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் முடியாது.

உங்கள் மனைவி